ஓசையுண்ணியின் முகம்

முதலில் இந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அசையும்போதெல்லாம் அது கிரீச்சிடுகிறது. முதுகுப் பக்கத்துத் திருகாணி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு திருப்புளி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் எல்லா நாற்காலிகளையும் நானே அப்படிச் சரிசெய்து வைத்திருக்கிறேன். வந்து உட்கார்ந்தவர்கள் நாற்காலி இருப்பதே தெரியவில்லை என்பார்கள். இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை, அது வேறு விஷயம்.

மேசையில் ஒரு காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த பார்சல்காரர் சொல்லச் சொல்ல உங்கள் காவல்துறை ஓவியர் வரைந்த படம் என்றீர்கள். அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். படத்தை முதலில் காட்டிவிட்டால் கதை கேட்கிறவருக்கு அப்புறம் வேறெதுவும் கண்ணில் படாது. என் மனைவி மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தது எப்படி என்பதுதானே உங்களுக்குத் தெரியவேண்டும்? சொல்கிறேன். அந்த நேரத்தில் காகிதக் கடைக்குப் போயிருந்தேன் என்று முன்பு சொன்னது உண்மையில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை என்பதை நான் யோசித்திருக்கவேண்டும். நீங்களும் கொஞ்சம் சீக்கிரம் யோசித்திருக்கலாம்.

நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். அட்டைக்கு ஒன்று, உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்று. ஆரம்பத்திலிருந்து ஒரே பதிப்பகம். நீங்கள் சின்ன வயதில் படித்த ஏதாவது ஒரு கதையில் என் ராஜாவோ என் கழுதையோ உங்களைப் பார்த்திருக்கும். ஆசிரியரின் மனசுக்குள் புகுந்து பார்த்து வரைந்ததுபோல இருக்கிறது என்று வாசகர்கள் பாராட்டுவார்கள். உள்ளதைச் சொன்னால், நான் முதல் பக்கத்துக்குள்கூடப் புகுந்ததில்லை. படித்தால் எழுத்து கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. கை ஓடமாட்டேன் என்கிறது. அதனால் என் மனைவி படிப்பாள். படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்வாள். நான் வரைவேன். இந்த ஏற்பாடு பதிப்பகத்தில் யாருக்கும் தெரியாது. காதும் காதும் வைத்தமாதிரி நடந்துகொண்டிருந்தது.

அவள் சொல்வதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் நிலவு போன்ற முகம் என்று முடிப்பார்கள். நிலவை உற்றுப் பார்த்தவன் எவனும் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லமாட்டான். என் மனைவியோ, "அந்தப் பெரியவருக்குப் பேச்செல்லாம் பெருசு, ஆனா செருப்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்கும்" என்பாள். அது எனக்குப் போதும். மிச்சத்தைப் பென்சில் பார்த்துக்கொள்ளும். புத்தகத்தில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அவள் கேட்டதுமில்லை. கேட்காததைக் கொடுத்துப் பழக்கக்கூடாது.

வரைகிறவனுக்கு அமைதி வேண்டும். இதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீடு மூன்றாவது மாடியில், தெருச் சத்தத்துக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்குள் இருந்த சத்தங்களை நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். எவர்சில்வர் கரண்டிகளுக்குப் பதிலாக மரக் கரண்டி வாங்கினேன். மிக்சியை நான் குளிக்கப் போகும்போது மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தேன். வளையல்களை அவளாகவேதான் கழற்றினாள். நான் அவற்றைப் பார்த்தேன், அவ்வளவுதான். தும்மல் வந்தால் வாசலுக்கு வெளியே போய்த் தும்மிவிட்டு வருவாள். குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தானே போகவேண்டும்?

மகள் பிறந்தபிறகு கொஞ்சம் சிரமமாகிவிட்டது. குழந்தைகளுக்கு நியாயம் புரிவதில்லை. எடுத்ததற்கெல்லாம் சிரிப்பு, எடுத்ததற்கெல்லாம் பாட்டு. ஆனாலும் நான் அவளை ஒரு அடி அடித்ததில்லை. எங்கள் பரம்பரையில் கை நீட்டும் பழக்கமே கிடையாது. வீட்டில் காகிதம் வைக்க ஒரு சின்ன அறை இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நல்ல காகிதம் மஞ்சளாகிவிடும் என்பதால் அதற்கு ஜன்னல் வைக்கவில்லை. அதற்குள் அவளைத் தரையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவேன். கையிலிருக்கும் படம் முடிந்ததும் வந்து திறப்பேன். சில படங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். சிலவற்றுக்கு வண்ணம் காயவேண்டும்.

பலன் இல்லாமலில்லை. அவளுடைய வகுப்பு ஆசிரியை எங்களை வரச்சொல்லி, குழந்தை வாயே திறப்பதில்லை, பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நாற்பது குழந்தைகள் கத்துகிற அறையில் ஒன்று கத்தவில்லை என்றால் அதைக் குறையாகச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது? என் மனைவியின் அக்காதான் ஒருநாள் கிளம்பி வந்து, கொஞ்ச நாள் குழந்தை தன்னோடு இருக்கட்டும் என்று துணிமணிகளோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என்னிடம் விடைபெறவில்லை. மரியாதை தெரியாத குடும்பம். அதன்பிறகு என் மனைவி வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்குப் போவாள். நான் வெட்டிப் போடும் காகிதத் துண்டுகளை மகளுக்கு விளையாட எடுத்துக்கொண்டு போவாள். நல்ல கனமான காகிதம். வீணாகப் போவதற்கு அது மேல் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ஓசையுண்ணி வந்து சேர்ந்தது.

அது ஒரு நாவல். எழுதியவர் ஒரு பல் மருத்துவர் அம்மாள். பகலில் பல் பிடுங்குவார். மிச்ச நேரத்தில் எழுதுவார். ஒரு வீட்டுக்குள் ஒரு ஜந்து குடியேறுகிறது. அது சத்தங்களைத் தின்கிறது. முதலில் குழாய் சொட்டும் சத்தம் போகிறது. அப்புறம் சிரிப்பு போகிறது. கடைசியில் அந்த வீட்டுச் சிறுமியின் பெயர் போகிறது. யாரும் அவளைக் கூப்பிடாததால் அவளுக்கே தன் பெயர் மறந்துபோகிறது. இவ்வளவு பெரிய ஜந்துவைப் படைத்த அம்மாள், அது எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அது வரும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். அம்மா பாத்திரத்தின் மூடியைச் சத்தமில்லாமல் வைக்கிறாள், சிறுமி காலை மடக்கிக்கொள்கிறாள், இப்படி. இதெல்லாம் என் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். சோம்பேறித்தனத்துக்கு இலக்கியத்தில் நல்ல பெயர்கள் உண்டு.

முதல் பதிப்பு படமே இல்லாமல் வந்து சக்கைப்போடு போட்டது. ஜந்து எப்படி இருக்கும் என்று வாசகர்கள் அடித்துக்கொண்டார்கள். நூலகத்தில் ஒரு கூட்டம் நடந்ததாம். அதற்குச் சிறகு உண்டா இல்லையா என்பதில் நெடுநாள் சிநேகிதர்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம். இல்லாத ஒன்றுக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுவதில் மனிதனுக்கு அலுப்பே வருவதில்லை. பதிப்பக முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. படங்களோடு ஒரு பதிப்பு போடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்.

நானும் வரைந்தேன். கரடிபோல ஒன்று, வௌவால்போல ஒன்று, உடம்பெல்லாம் காதாக ஒன்று. எல்லாவற்றையும் மருத்துவர் அம்மாள் புன்னகையோடு திருப்பி அனுப்பினார். வாய் நிறையப் பல்லோடு நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "பல்லு எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். இதுக்குப் பல்லே வேண்டாங்க. இது ரொம்ப சாதாரணமா இருக்கும்" என்றார். சாதாரணமாக என்றால் எப்படி என்று கேட்டேன். அது தனக்கே தெரியாது என்றார். தன் ஜந்துவின் முகம் தெரியாத தாய். அவரிடம் வாயைத் திறந்து உட்காரும் நோயாளிகளை நினைத்துக் கவலைப்பட்டேன்.

வேறு வழியில்லாமல் என் மனைவியைக் கேட்டேன். புத்தகத்தில் இல்லாவிட்டாலும் படித்தவளுக்கு ஏதாவது தோன்றியிருக்குமே. அவள் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் குவளையை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தோணலைங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு உதவாமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் முதலாளி ஒரு போட்டி அறிவித்தார். ஓசையுண்ணி உங்கள் மனக்கண்ணில் எப்படி இருக்கிறது, வரைந்து அனுப்புங்கள். தேர்வாகும் படம் அட்டைக்குப் போகும். வரைந்தவர் வெளியீட்டு விழாவில் மேடையேறி, அதை எப்படிக் கற்பனை செய்தார் என்று வாசகர்களிடம் பேசலாம். படங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பிரித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு உண்மை புரிந்தது. எழுதி வைத்துக்கொள்ளலாம் ஐயா, இதற்கு முன்னால் யாரும் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. வாசகர்களுக்குக் கற்பனை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு பையன் தொந்தியும் பிரம்புமாக வரைந்திருந்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தால் அந்தத் தலைமையாசிரியரைப் பிடித்துவிடலாம். ஒரு வங்கி ஊழியரின் ஜந்து கழுத்துப்பட்டை கட்டியிருந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாளை வரைந்து, கொம்பு வைத்து, பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, ஒரு கொம்பை அழித்திருந்தாள். ஒருவர் வெறும் காகிதத்தை அனுப்பி, இப்போதுதான் வெளியே போயிருக்கிறது என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார். எல்லாரும் தங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் யாரைக் கண்டு வாயை மூடிக்கொள்கிறார்களோ அவரைத்தான் வரைந்திருந்தார்கள். சிறகும் வாலும் மேல்பூச்சு. முதலாளியிடம் இதைச் சொல்லி நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த மூட்டையில்தான் அதுவும் இருந்தது.

பென்சிலால் வரைந்த படம். சிறகில்லை, கொம்பில்லை. ஒரு மனிதன் திறந்த கதவருகே நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வெளிச்சம். அதனால் முகம் முழுக்க இருட்டு. தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, எதையோ உன்னிப்பாகக் கேட்பதுபோல. காதில் ஒரு பென்சில். ஒரு கை கதவுப் பிடியில். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறைகள் நிறைய. கால்கள் பூதாகாரமாகவும் தலை சின்னதாகவும் இருந்தன. வரைந்தவர் தரையில் உட்கார்ந்துகொண்டு மேலே அண்ணாந்து பார்த்ததுபோல. ஆனால் வெளிச்சத்தைக் கையாண்ட விதத்தில் ஒரு திறமை இருந்தது. காகிதமும் நல்ல கனமான காகிதம். ரசனை உள்ள ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருத்துவர் அம்மாள் அதைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுதான். எழுதறப்ப எனக்கே தெரியலை. இதுதான் அது" என்றார். முதலாளி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் காபி சொல்லட்டுமா என்று கேட்டார். காபி ஏற்கெனவே மேசையில் இருந்தது. படத்தின் குறைகளை அவர்களும் கவனித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அது சும்மா ஒரு பழக்கம்.

மருத்துவர் அம்மாள் என்னிடம், "உங்க வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு பெண் இருக்கிறாள், பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், அங்கே காற்று நன்றாக இருக்கும் என்றேன். படத்தின் பின்னால் அனுப்பியவரின் பெயர் இல்லை. முகவரி மட்டும் இருந்தது. அது என் மனைவியின் அக்கா வீட்டு முகவரி.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன். கோபப்படவில்லை. யார் வரைந்தது என்றுதான் கேட்டேன்.

"நான்தான் வரைஞ்சேன்" என்றாள்.

அவளை ஒரு குடம் வரையச் சொன்னால் பூசணிக்காய் வரும். அவள் பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"யாரைப் பார்த்து வரைஞ்சது?"

"யாரையும் பார்க்கலைங்க. கற்பனைதான்."

அருமையான பதில். அதை எவ்வளவு மெல்லிய குரலில் சொன்னாள் தெரியுமா? அதோடு எல்லாரும் விட்டிருந்தால் இன்று உங்களுக்கு இந்த வேலை இல்லை. நான் அவளிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன். மகளிடம் சொல்லி, அது ஒரு கரடி, கனவில் வந்த கரடி என்று மேடையில் சொல்லச் சொல். கரடி என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். என் மனைவி தலையசைக்கவில்லை.

முதலாளியிடமும் போனேன். இதில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் வாசகர்களுக்காகத்தான் பேசினேன். ஆயிரம் பேர் மனதில் ஆயிரம் ஓசையுண்ணிகள் உயிரோடு இருக்கின்றன. அட்டையில் ஒரே ஒரு முகத்தை அச்சடித்தால் மிச்சமெல்லாம் செத்துவிடும். இது கொலை என்றேன். அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொல்கிறவன் இல்லை. முதலாளி, "இவ்வளவு வருஷமா நீங்க வரைஞ்சப்பல்லாம் அது சாகலையா?" என்று கேட்டார். வியாபாரி புத்தி. அந்தப் படத்தை எடுத்துக் கிழித்துப்போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. முன்பே கணினியில் ஏற்றியாகிவிட்டது என்றார். மருத்துவர் அம்மாளே மகளிடம் தொலைபேசியில் பேசிவிட்டாராம். விழாவுக்கு வந்து பேசுவாயா என்று கேட்டதற்கு, காதைத் தொலைபேசியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கிற அளவுக்கு உரக்க, வரேன் என்றாளாம். முதலாளி இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத குழந்தை, ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால், ஒலிபெருக்கி வைத்துப் பேசப்போகிறது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த அமைதி அவ்வளவும் ஒரே நாளில் வீண்.

விழா அன்று காலை நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வீட்டுக்குப் போய் மகளிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரலாம் என்று. பேசுவதற்கு மட்டும்தான். காகித அறையின் சாவி சட்டைப்பையில் இருந்தது என்று நீங்கள் குறித்திருக்கிறீர்கள். அது எப்போதும் என் பையில்தான் இருக்கும்.

வாசலை ஒட்டிய மேல்படியில் என் மனைவி குறுக்கே நின்றாள். வளையல் போட்டிருந்தாள். அதை நான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். எந்தப் பெட்டியில் இத்தனை நாள் வைத்திருந்தாளோ, இரண்டு கையிலும் போட்டுக்கொண்டு கைப்பிடிக்கும் சுவருக்குமாகக் கைகளை விரித்து நின்றாள். தள்ளு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"போகாதீங்க" என்றாள். "அவளைப் பேச விடுங்க."

அவள் அதைக் கத்திச் சொன்னாள். அந்தப் படிக்கட்டு எதிரொலிக்கும். கீழே யாராவது சாவியைத் தவறவிட்டால்கூட எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அவள் குரல் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தது. இத்தனை வருடம் கூட இருந்தும் அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு கணவனிடம் இதையெல்லாம் மறைத்து வைப்பது நியாயமா? அவள் மறுபடி கத்தினாள். மறுபடியும். "இந்த ஒரு தடவை அவ பேசட்டும்" என்றாள். அக்கம்பக்கத்தில் ஈ காக்கை இல்லை, எல்லாரும் விடுமுறைக்கு எங்கேயோ போயிருந்தார்கள். இருந்தாலும் சத்தம் சத்தம்தானே.

தள்ளினேன். அவளுக்குக் கால் தவறியிருக்கும் என்று நான் முன்பு சொன்னதையும் அடித்துவிடுங்கள். தோளில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். அவள் கீழே திருப்பத்தில் போய் விழுந்தாள். ஒரு வளையல் மட்டும் நிற்காமல் அடுத்த மாடிவரை உருண்டு போனது. அதை நான் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கிப்போய்த் தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தூக்கியிருக்கலாம். மருத்துவமனை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டிருக்கிறவரை நடுவில் குறுக்கிடுவது எனக்குப் பிடிக்காது. அவள் முடிக்கட்டும் என்று மேலேயே நின்றேன். முடித்தாள். அதன்பிறகும் சரியாக முடிந்துவிட்டதா என்று கொஞ்சநேரம் காதுகொடுத்துக் கேட்டேன். எல்லா வேலையிலும் நான் அப்படித்தான், அரைகுறையாக விடமாட்டேன்.

பார்சல்காரர் அப்போதுதான் கீழ்த் திருப்பத்தில் நின்றிருக்கவேண்டும். விழா நாள் என்பதால் முதலாளி முதல் பிரதியை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது. கீழேயிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்தார். பார்சலைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து இறங்கிப் போய்விட்டார். பண்பான மனிதர். அவர் ஓடிப்போய் உங்களைக் கூட்டிவருவார் என்று நான் நினைக்கவில்லை. பார்சலை எடுத்துவந்து பிரித்துப் பார்த்தேன். அட்டையில் அதே படம். அச்சு கொஞ்சம் கறுப்பாக விழுந்திருந்தது.

விழா நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மகள் பெரியம்மா வீட்டில் ராப்பகலாக அம்மா அம்மா என்று அலறி அழுகிறாள், தெருவுக்கே கேட்கிறது என்று நேற்று உங்கள் உதவி ஆய்வாளர் என்னிடம் சொன்னார். நான் கலங்கிப்போவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. உள் அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். நாலு நாளில் பழகிவிடும்.

இவ்வளவுதான். இப்போது உங்கள் காகிதத்தைத் திருப்பலாம்.

நன்றி.

அடடா, உங்கள் துறையில் இப்படி ஒரு கை இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பாருங்கள், தலை அந்தப் பக்கம் சரியாகச் சாய்ந்திருக்கிறது. காதில் பென்சில். கைப்பிடியில் ஒரு கை. மேலே ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழுவதால் முகத்தில் ஒன்றுமே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கோணம். கால் பெரிது, தலை சின்னது. அந்தக் கோணத்தைத் தப்பு என்று நினைத்திருந்தேன். தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். கரடி என்றும் வௌவால் என்றும் நான் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஐயா, ஓசையுண்ணி இதுதான். இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், அதே ஜந்துவைப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், சந்தோஷப்படுவார்.

நீங்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். முதலாளியும் இப்படித்தான் பார்த்தார். என்னைப்போல இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஜந்துவுக்கு முகம் இல்லாவிட்டால் எதிரில் இருக்கிறவரின் முகத்தை எடுத்து வைத்துக்கொள்வது வாசகர்களின் வழக்கம். நீங்களும் பாவம், வாசகர்தானே.

இன்னொன்று கவனித்தீர்களா? படத்தைத் திருப்பியதிலிருந்து இந்த அறையில் யாரும் அசையவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், சத்தமே இல்லாமல். உங்கள் நாற்காலிகூட வாயை மூடிக்கொண்டது. இப்படி இருந்தால்தான் ஐயா, மனிதன் நிம்மதியாக வேலை பார்க்க முடியும்.